வாள் பழகியவர் பகடை மேசைக்கு வந்தால்: சண்டை அறிவு எந்த இடத்தில் நுழைய வேண்டும்?

ஜூன் 2, இரவு 9.15 (வாசகர் கேள்வி)

நாங்கள் ஆடுவது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை போட்டுக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஜிஎம் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) நான்தான். குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நீள வாளில் எட்டு வருடப் பயிற்சி. ஒவ்வொரு சண்டையிலும் இரண்டு மூன்று முறை ஆட்டம் நின்றுவிடுகிறது. "ஈட்டிக்காரனை நோக்கி இப்படி நேராக நடந்து போக முடியாது." "கழுத்தில் வெட்டு விழுந்தவன் எப்படி இன்னும் நிற்கிறான்?" "தகட்டுக் கவசத்தை வாளால் வெட்டவே முடியாது." அவர் சொல்வது சரி என்றுதான் படுகிறது. விதியை மாற்றுவதா, அவரைச் சும்மா இருக்கச் சொல்வதா?

ஜூன் 2, இரவு 10.50

அந்த மூன்றும் ஒரே வகைப் புகார் இல்லை, அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஈட்டி பற்றியது முடிவெடுப்பது சம்பந்தப்பட்டது: எப்போது கிட்டே போவது, என்ன விலை கொடுத்துப் போவது. கழுத்து வெட்டு பகடை விழுந்த பிறகு வரும் விவரிப்பு சம்பந்தப்பட்டது. கவசம் பற்றியது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

என் கட்சி இதுதான்: சண்டை தெரிந்தவரின் அறிவு பகடைக்கு முன்னால் வர வேண்டும். பகடை உருண்ட பிறகு வந்தால் அது வாக்குவாதமாக மட்டும்தான் முடியும்.

கழுத்து வெட்டை இப்போதே முடித்துவிடலாம். ஹெச்பி (அடி பட்டால் குறையும் எண், பூஜ்யமானால் ஆள் விழுவார்) குறைந்தால் சதை கிழிந்தது என்று பொருள் இல்லை. 1979 ஜிஎம் புத்தகத்திலேயே, இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் இதை விளக்கிவிட்டார்: ஹெச்பியில் உடல் ஒரு பங்குதான், மற்றது திறமையும் அதிர்ஷ்டமும். அன்று ஒரு ரவுண்ட் (எல்லாரும் ஒரு முறை ஆடும் சுற்று) என்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துப் போலி வீச்சு, தடுப்பு, விலகல் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பகடை. மூன்றாம் பதிப்பில் ரவுண்ட் 6 விநாடியாகச் சுருங்கியது, ஹெச்பியின் பொருள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. உங்கள் நண்பருக்கு உறுத்துவது அந்த இடைவெளிதான்.

1400களின் தொடக்கத்தில் வாள்வித்தை நூல் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே ஒன்று சொல்கிறார். முழுக்கவசம் பூண்டு களத்தில் நிற்பவன் பல அடி வாங்கியும் ஜெயிக்கலாம். வெறும் துணிக்கவசத்தோடு கூர்வாள் எதிரே நிற்பவனுக்கு ஒரு தடுப்பு தவறினால் உயிர் போகும். ஹெச்பியை அப்படிப் படித்துப் பாருங்கள், அது இன்னும் எத்தனை தடுப்பு கைவசம் இருக்கிறது என்ற கணக்கு. 40 ஹெச்பி ஆள் 9 இழந்தால் "கழுத்தில் வெட்டு" என்று ஜிஎம் சொல்லக் கூடாது. "வாளைக் கடைசி நொடியில் தடுத்தீர்கள், மணிக்கட்டு அதிர்ந்தது, ஓர் அடி பின்னால் போனீர்கள்" என்று சொல்ல வேண்டும். ரத்தத்தைக் கடைசி ஹெச்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பாதிப் புகார் நின்றுவிடும்.

ஜூன் 3, காலை 7.30

ஈட்டி விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. விதிதான் தலைகீழாக இருக்கிறது.

ஐந்தாம் பதிப்பில் எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு வெளியே போகும்போது ஆபர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது எதிரிக்குத் தன் முறைக்கு வெளியே ஓர் அடி. உள்ளே நுழையும்போது எதுவும் இல்லை. நிஜத்தில் உயிர் போகும் இடம் நுழையும் அந்த ஓர் அடி. இரண்டு மீட்டர் ஈட்டி முனையைத் தாண்டிக் குத்துவாள் தூரத்துக்கு வருவதற்குள் ஒரு குத்து நிச்சயம் வரும். 1599இல் ஆங்கிலேய வாள்வித்தை நூலாசிரியர் ஜார்ஜ் சில்வர், 8–9 அடித் தடி பிடித்தவன் வாளும் குத்துவாளுமாக வரும் இருவரைக்கூடச் சமாளிப்பான் என்று எழுதினார். இந்த விதிப்புத்தகத்தில் தடிக்கும் சரி, ஈட்டிக்கும் சரி, எட்டும் தூரம் 5 அடி, குத்துவாளுக்கும் அதே 5 அடி.

ஹவுஸ் ரூல் (நம் மேசைக்கு மட்டும் வைக்கும் விதி) இப்படி வைக்கலாம். ஆயுதங்களை மூன்று நீளமாகப் பிரியுங்கள். குத்துவாள், கைக்கோடரி, வெறுங்கை எல்லாம் குட்டை. ஒற்றைக்கை வாள், கதை எல்லாம் நடுத்தரம். ஈட்டி, நெடுந்தடி, இரட்டைக்கை வாள் எல்லாம் நீளம். நீளம் குறைந்தவர் 5 அடிக்குள் வரும்போது, நீளம் கூடியவர் தன் ரியாக்ஷனைச் (அடுத்தவர் முறையில் செய்யும் பதில் செயல்) செலவழித்து ஒரு தாக்குதல் செய்யலாம். நுழைந்தவர் தப்பி உள்ளே வந்துவிட்டால், நீள ஆயுதக்காரருக்கு அந்த நெருக்கத்தில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுச் சிறியதை எடுப்பது). அவர் பின்வாங்கினால் வழக்கமான ஆபர்ச்சூனிட்டி அட்டாக் வாங்க வேண்டும், அல்லது டிஸ்எங்கேஜ் (தாக்காமல் பத்திரமாக விலகுவது) செய்ய வேண்டும், அல்லது ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குத்துவாளை உருவ வேண்டும். மூன்றுமே நிஜ மனிதர்கள் எடுக்கும் முடிவுகள்.

கணக்கு: முதல் லெவல் ஃபைட்டர் (போர்வீரர் கேரக்டர்), தாக்கும் 20 முகப் பகடையில் +5, ஈட்டி இரு கையில் சேதம் டி8+3 (எட்டு முகப் பகடையோடு 3). காப்ளின் (குட்டி அரக்கன்) ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி 7. படும் வாய்ப்பு 55 சதவீதம், பட்டால் 7 அல்லது மேலே வரும் வாய்ப்பு 8இல் 5. கிரிட்டிகலை (20 விழுந்தால் வரும் கூடுதல் சேதம்) விட்டுவிட்டால், வாசலிலேயே காப்ளின் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 34 சதவீதம்.

ஜூன் 3, இரவு 11.05

காலையில் போட்ட விதியில் ஓட்டை இருக்கிறது. ஓகரை (பெரிய ராட்சதன்) எடுத்துப் பாருங்கள். அதன் கதாயுதத்தை நீள வகையில் சேர்த்தால் (அந்தக் கைக்குச் சேர்க்காமல் முடியாது), ஏசி 16 உள்ள முதல் லெவல் ஆள் கிட்டே போகும்போதே +6, அதாவது 55 சதவீதம் படும். சராசரிச் சேதம் 13. அந்த ஆளிடம் இருப்பது 12 ஹெச்பி. தன் முறையில், தன் முதல் அடியை வீசும் முன்னே அவர் தரையில். மேசையில் இது ரொம்பக் கசக்கும்.

விட்டுப்போனது கேடயம். கேடயம் இருப்பதே அந்த ஓர் அடியைத் தாண்டத்தான். முகத்துக்கு நேரே தூக்கி, எதிரி முனையை ஓரமாகத் தள்ளியபடி நுழைவார்கள். ஆகவே கேடயம் பிடித்து நுழைபவர் மீது அந்த ரியாக்ஷன் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். 55 சதவீதம் 30 ஆகிவிடும். காப்ளினின் ஏசி 15இலும் ஒரு கேடயம் ஒளிந்திருக்கிறது, அதனால் அங்கே 34 என்பது 19 ஆகிறது. வெறும் +2 ஏசியாக இருந்த கேடயத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது.

இன்னொன்று, ரியாக்ஷன் ரவுண்டுக்கு ஒன்றுதான். மூன்று காப்ளின் சேர்ந்து வந்தால் முதலாவது மட்டும் விலை கொடுக்கும், மற்ற இரண்டும் சும்மா நுழையும். இதைத் திருத்த வேண்டாம், கூட்டமாக வந்தால் ஈட்டிக்காரன் திணறத்தான் வேண்டும். போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட் (நீள ஆயுதக்காரருக்கு இதே நுழைவுத் தாக்குதலைத் தரும் சிறப்புத் திறன்) எடுத்தவர் "என் ஃபீட் எல்லாருக்கும் இலவசமாகிவிட்டதே" என்று கேட்பார், கேட்பது நியாயம். அவருக்கு அந்த நுழைவுத் தாக்குதலில் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரியது) கொடுங்கள்.

ஜூன் 4, மதியம் 1.20

விதியில் வாள், கவசத்தின் எடை சரிதானா என்று கேட்டவருக்கு. முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் இரட்டைக்கை வாள் 25 பவுண்டு (பருமனையும் சேர்த்த கணக்கு என்று சமாதானம் சொல்வார்கள்), இரண்டாவதில் 15, ஐந்தாவதில் 6. நிஜத்தில் பெரிய இரட்டைக்கை வாள்கள் சுமார் 2 முதல் 3.5 கிலோ, சாதாரண நீள வாள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி. தகட்டுக் கவசம் 15–25 கிலோ, விதியில் 65 பவுண்டு, அதாவது 29 கிலோவுக்கு மேல். ஆணி பதித்த தோல் கவசம் என்று விதிப்புத்தகம் சொல்வது பெரும்பாலும், தகடுகளை உள்ளே வைத்து ஆணியடித்த உடுப்பை வெளியிலிருந்து பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டது.

இதையெல்லாம் மாற்றி ஒரு பயனும் இல்லை. ஒரு முடிவையும் இது பாதிக்காது. எண்ணைத் திருத்தி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்.

ஜூன் 5, இரவு 10.10

தகட்டுக் கவசத்துக்கு வருவோம். வாள் அதை வெட்டாது, சரி. அப்படியானால் வாள்காரர் என்ன செய்வார்? இடது கையால் தன் வாளின் அலகையே நடுவில் பிடிப்பார். உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்து, விளிம்பு விரலில் வழுக்காமல் பார்த்துக்கொள்வார். வாள் இப்போது ஒரு குட்டை ஈட்டி. முனையை அக்குளில், கவட்டில், முகக்காப்பின் பிளவில் தேடுவார். கிடைக்காவிட்டால் கைப்பிடியை எதிரியின் கழுத்துக்குப் பின்னால் கொக்கி போட்டு, காலைக் குறுக்கே வைத்துச் சாய்ப்பார். விழுந்தவன் மேல் முழங்காலை ஊன்றி, குத்துவாளை உருவி, இடுக்கில் இறக்குவார். பாதி மல்யுத்தம் அது.

இதற்குப் புது விதி தேவையே இல்லை, 2014 புத்தகத்தில் அப்படியே கிடக்கிறது. இரண்டு தாக்குதல் உள்ள ஆள், முதலாவதில் ஷவ் செய்து எதிரியைத் தரையில் தள்ளுகிறார், இரண்டாவதில் கிராப்பிள். பிடிபட்டவரின் வேகம் பூஜ்யம். எழுந்து நிற்க வேகத்தில் பாதி செலவாக வேண்டும், பூஜ்யத்தில் பாதி இல்லை, எழ முடியாது. விழுந்தவர் மேல் 5 அடிக்குள் எல்லாத் தாக்குதலுக்கும் அட்வான்டேஜ். ஏசி 18க்கு எதிராக +5 உள்ளவருக்கு 40 சதவீதமாக இருந்தது 64 ஆகிறது. குழுவில் எல்லாருக்கும் அந்த அட்வான்டேஜ், அவர் ஒருவருக்கு மட்டுமில்லை.

உங்கள் நண்பர் "இது நடக்காது" என்று சொல்லும்போது "சரி, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் செயலை ஏற்கெனவே இருக்கும் விதியில் தேடுங்கள். பத்தில் ஆறு ஏழு தடவை கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு. கிடைக்காதபோது மட்டும் ஹவுஸ் ரூல்.

ஜூன் 6, இரவு 9.40

"காயம் பட்டவன் பலவீனமாக வேண்டாமா, மைனஸ் போடலாமே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், நிஜத்துக்கும் அதுதான் நெருக்கம். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சமபலமுள்ள இருவர், மூன்று காயத்தில் தோல்வி, ஒவ்வொரு மோதலிலும் யாராவது ஒருவருக்குக் காயம் என்று வையுங்கள். மைனஸ் இல்லாவிட்டால், முதல் காயத்தைக் கொடுத்தவர் ஜெயிக்கும் வாய்ப்பு 69 சதவீதம். இப்போது ஒவ்வொரு காய வித்தியாசத்துக்கும் அடுத்த மோதல் 10 சதவீதம் சாய்கிறது என்று சேருங்கள். 69 என்பது 76 ஆகிறது. இரண்டுக்குப் பூஜ்யம் என்ற நிலையில் 87.5 இருந்தது 94 ஆகிறது. அதாவது சண்டை முடிந்துவிட்டது, பகடை மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. மேசையில் சலிப்பு வருவது இங்கேதான்.

இதோடு வாழ வேண்டுமானால் தோற்கிறவருக்கு ஒரு கதவு திறந்து வைக்க வேண்டும்: ஓடலாம், சரணடையலாம், பேரம் பேசலாம். ஜிஎம்மின் எதிரிகளும் அதையே செய்ய வேண்டும். கடைசி ஹெச்பி வரை நின்று சாகும் கொள்ளைக்காரன் இருக்கும் மேசையில் காய மைனஸ் வைக்காதீர்கள்.

ஜூன் 8, காலை 6.50

முந்தின குறிப்பில் "நிஜத்துக்கும் அதுதான் நெருக்கம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பொது மைனஸ் நிஜத்துக்கு நெருக்கம் இல்லை. சண்டை வேகத்தில் வலி உடனே தெரிவதில்லை. இதயமே சிதைந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் 10 முதல் 15 விநாடி ஒருவர் நினைத்ததைச் செய்ய முடியும் என்று கைத்துப்பாக்கிக் காயங்கள் பற்றிய 1989 எஃப்பிஐ ஆய்வறிக்கை சொல்கிறது. 6 விநாடி ரவுண்டில் அது இரண்டு ரவுண்ட். செத்தவன் திருப்பி அடிக்கிறான். வாள் பயிற்சிக் கூடங்களில் முதல் அடிக்குப் பிறகு உடனே திரும்பி வரும் அடிக்கும் கணக்கு வைப்பது இதனால்தான்.

உண்மையில் ஆளை நிறுத்துவது உறுப்பு வேலை செய்யாமல் போவது. விரல் போனால் பிடி போகும். தொடைத் தசை அறுந்தால் கால் ஊன்றாது. நெற்றி வெட்டில் ரத்தம் கண்ணில் இறங்கினால் பார்வை போகும். ஆகவே மைனஸ் போடுவதானால் இடத்தைப் பார்த்துப் போடுங்கள்: கை என்றால் ஆயுதம் கீழே விழும் (தப்பிக்க ஒரு பகடை, அதாவது சேவிங் த்ரோ), கால் என்றால் வேகம் பாதி, முகம் என்றால் ஒரு ரவுண்ட் டிஸ்அட்வான்டேஜ். ஒவ்வொரு அடிக்கும் வேண்டாம், கிரிட்டிகலுக்கு மட்டும் போதும். இல்லாவிட்டால் ஒரு சண்டைக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

இடத்தைப் பகடையில் சமமாகப் பிரிக்கவும் வேண்டாம். 1361 விஸ்பி (இன்றைய ஸ்வீடன்) போரில் இறந்தவர்களின் புதைகுழிகளில் கால் எலும்புகளில் வெட்டுகள் ஏராளம். 1461 டவுட்டன் (இங்கிலாந்து) போர்ப் புதைகுழியில் பெரும்பாலானவை மண்டையில். மனித உடல் அதேதான். கவசமும் நிலைமையும் வேறு. உடலைக் கவசமும் கேடயமும் மறைத்தால் வாள் காலுக்கு இறங்கும். தலைக்காப்பு இல்லாதவனையும் ஓடுகிறவனையும் தலையில் அடிப்பார்கள். எனவே மறைக்கப்படாத இடம் எது என்று முதலில் கேளுங்கள். இரண்டு மூன்று இடம் தேறினால் அதற்குள் மட்டும் பகடை போடுங்கள்.

ஜூன் 8, மதியம் 2.15

வேறு ஆட்டத்துக்கு மாறினால் என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 1978 ரூன்குவெஸ்ட் ஆட்டத்தை எழுதிய ஸ்டீவ் பெர்ரின், கவசம் பூண்டு நிஜமாகவே அடித்துப் பழகும் இடைக்கால மறுநிகழ்வுக் குழுவில் இருந்தவர். அதில் தடுப்புக்குத் தனிப் பகடை, உறுப்புக்குத் தனி ஹெச்பி. 1986 கர்ப்ஸ் ஆட்டத்தில் ஒரு முறை என்பது ஒரே ஒரு விநாடி. 2002 ரிடில் ஆஃப் ஸ்டீலை எழுதியவர் வரலாற்று வாள்வித்தை பயின்றவர். அங்கே சண்டை தொடங்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் சிவப்பு அல்லது வெள்ளைப் பகடையைக் காட்ட வேண்டும். சிவப்பு தாக்குதல், வெள்ளை தற்காப்பு. இரண்டும் சிவப்பானால் இருவருமே வெட்டுப்பட வாய்ப்பு. சண்டை அறிவைக் காய அட்டவணையில் கொட்டாமல் முடிவெடுக்கும் நொடியில் வைத்ததற்கு நான் பார்த்ததில் நல்ல உதாரணம் அது. உங்கள் நண்பரிடம் ஒரு நாள் இதைக் கொடுத்துப் பாருங்கள். குழு முழுவதையும் அங்கே இழுக்காதீர்கள், மூன்று மணி நேரத்தில் கேரக்டர் செத்துப்போனால் எல்லாருக்கும் பிடிக்காது.

ஜூன் 10, இரவு 8.30

வில். ஐந்தாம் பதிப்பில் 11ஆம் லெவல் ஃபைட்டர் 6 விநாடியில் மூன்று அம்பு, நிமிடத்துக்கு 30. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த போர் விற்கள் 100 பவுண்டுக்கு மேல் இழுவை உடையவை என்று கணிக்கிறார்கள். அந்த வகை வில்லில் நிமிடத்துக்கு ஆறு அம்பைத் தொடர்ந்து விடுவதே பெரிய உழைப்பு, கொஞ்ச நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. விதி இதை டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு) வைத்திருக்கிறது, இழுப்பது முதுகுத் தசை.

வேகத்தைக் குறைக்காதீர்கள், வில் கேரக்டர் அதை நம்பித்தான் லெவல் ஏறியிருப்பார். ஸ்ட்ரென்த் (பலம்) 13க்குக் குறைந்தவருக்கு நெடுவில் டி8க்குப் பதில் டி6 என்று மட்டும் வைக்கலாம். அதுவும் புதிதாகத் தொடங்கும் ஆட்டத்தில் மட்டும்.

ஜூன் 11, காலை 7.05

உருவும் நேரம் இதுவரை யாரும் தொடாதது. ஆனால் எனக்கு இதுதான் பெரிய பிசகு. விதியில் வாளை உருவுவது இலவசம். 1983இல் டென்னிஸ் ட்யூலர் என்ற போலீஸ் பயிற்சியாளர், கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடக்கிறார் என்று எழுதினார். உறையில் ஆயுதம் இருப்பவருக்கு அவ்வளவுதான் நேரம்.

விதி ஒரு வரி போதும்: இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று முடிவு செய்யும் பகடை) போடும்போது கையில் ஆயுதம் இல்லாதவருக்கு அதில் டிஸ்அட்வான்டேஜ். உடனே ஒரு விளைவு வரும். எல்லாரும் எந்நேரமும் வாளை உருவிக்கொண்டே நடப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள், அதற்கு விலை வையுங்கள். உருவிய வாளோடு பேச வருபவரிடம் காவலன் எப்படி நடந்துகொள்வான் என்பதை ஆட்டத்தில் காட்டுங்கள்.

ஜூன் 13, இரவு 10.25

இப்போது மற்ற ஆட்டக்காரர்கள். மேசையில் வாள் தெரிந்தவர் ஒருவர். வாளையே தொடாத மூன்று பேரின் கேரக்டர்கள் இருபது வருடம் போர் பார்த்தவர்கள். நிஜ அறிவுக்கு நீங்கள் போனஸ் கொடுத்தால் அந்த மூன்று பேரும் தங்கள் கேரக்டரை இழக்கிறார்கள். விஸார்ட் ஆடுபவரிடம் யாரும் மந்திரம் ஓதிக் காட்டச் சொல்வதில்லை.

எனவே அவர் பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். இனிஷியேட்டிவ் போட்ட பிறகு, முதல் முறைக்கு முன், அரை நிமிடம். அவர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "வாசல் குறுகலானது, ஈட்டியை அங்கே நிறுத்துங்கள். கேடயம் இருப்பவர் முதலில் போகட்டும்." அதைக் கேட்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். அவர் கேரக்டரும் போர் தெரிந்தவராக இருந்தால் அது ஆட்டத்துக்குள்ளேயே நடக்கும் பேச்சு. பலவீனமான பண்டிதராக ஆடுகிறார் என்றால், அந்த அரை நிமிடத்தை ஃபைட்டர் ஆடுபவரின் காதில் சொல்லட்டும், ஃபைட்டர் தன் வாயால் சொல்வார். பகடை உருண்ட பிறகு "இது நடக்காது" என்ற வாக்கியம் மட்டும் யாருக்கும் இல்லை, ஜிஎம்முக்கும் சேர்த்துத்தான். அதை ஒரு காகிதத்தில் குறித்து, ஆட்டம் முடிந்து பேசுங்கள்.

ஜூன் 16, இரவு 9.00

கேட்டவர் எழுதியிருக்கிறார்: நுழைவு விதி, கேடய விதி, உருவும் விதி மூன்றையும் ஒரே நாளில் போட்டிருக்கிறார், சண்டை 50 நிமிடம் இழுத்திருக்கிறது. ஒரே நேரத்தில் மூன்று போடாதீர்கள். ஒன்று போட்டு மூன்று சண்டை ஆடுங்கள்: ஒன்று சமபலத்தில், ஒன்று கூட்டத்துக்கு எதிராக, ஒன்று பெரிய தனி மிருகத்துக்கு எதிராக. ஒவ்வொன்றிலும் அந்த விதி எத்தனை முறை வந்தது என்று கோடு போடுங்கள். ஒரு சண்டைக்கு ஒரு முறைகூட வராவிட்டால் தூக்கிவிடுங்கள். ரவுண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வந்தாலும் தூக்கிவிடுங்கள். நுழைவு விதியும் கேடயமும் ஒரே ஜோடி, அவற்றைப் பிரிக்காமல் முதலில் வையுங்கள். நீளத்தை ஒவ்வொரு கேரக்டர் தாளிலும் ஆயுதத்தின் பெயருக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எழுதிவையுங்கள். நேரம் போனது பெரும்பாலும் "உன் ஆயுதம் எது, என் ஆயுதம் எது" என்று தேடியதில்தான் இருக்கும்.